முட்டை விற்ற வீட்டில் வெளுத்துப்போன பெண்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விடாத தூறல். திருமூர்த்தி மலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா தன் பதினெட்டு வயது மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு உடுமலையில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு வந்தார். பெண்ணுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் ஊருக்குள் வரும் கம்பெனி வேனில் ஏறினால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில்தான் வீடு.

"நாலு படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க டாக்டர். நின்னுக்கிட்டே பீஸ் பார்க்கறப்போ கண்ணு இருட்டிக்கிட்டு வருதாமா. ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டா" என்றார் தாய்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு என்பதே இல்லை. நகங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தன. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

"வீட்டுல என்ன சாப்பாடுங்க அம்மணி?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லீங்க. பொடக்காலில ஏழெட்டு நாட்டுக்கோழி மேயுது. முருங்கை நிக்குது. மழை பேஞ்சா தொய்யக்கீரை, பண்ணைக்கீரைன்னு காட்டுல தன்னால மொளைக்குது. கீரைக்குன்னு நாங்க காசு குடுத்ததே இல்லீங்க."

"சரி, முட்டையை யார் சாப்பிடறது?"

அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். "முட்டைய வித்துப்போடறமுங்க. வீடு தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க. நாட்டு முட்டைக்கு நல்ல வெலைங்க."

"கோழி அடிக்கறப்போ ஈரல் யாருக்கு?"

"அவிய அப்பாவுக்கும் தம்பிக்குமுங்க. பொம்பளப் புள்ளைக்கு அது சூடுன்னு குடுக்கறதில்லீங்க."

வாசகர்களே, இந்த ஒரு பெண்ணின் கதையாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது உங்கள் வீட்டில் நான்கு பெண்கள் இருந்தால் அதில் இரண்டு பேர்! அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55 சதவீதம். இடையில் எத்தனையோ மாத்திரைகளும் திட்டங்களும் வந்துபோயும் குறைந்தது இவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், கொரோனாவுக்குப் பிறகு நாட்டுக்கோழி, வீட்டுத்தோட்டம், மாடித்தோட்டம் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை பிறந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் கோழியும் கீரையும் வீட்டில் இருப்பது வேறு, அவை உடம்பில் சேர்வது வேறு. நடுவில் சில படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளைத்தான் சொல்லப்போகிறேன்.

கீரை தின்றால் ரத்தம் ஊறுமா?

ஊறும், ஆனால் நீங்கள் நினைக்கிற வேகத்தில் இல்லை. ஒரு சித்த வைத்தியனே இப்படிச் சொல்லலாமா என்று கோபப்படாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆணுக்கு 19 போதும். நூறு கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் நாலரை மில்லிகிராம்தான். நூறு கிராம் என்பது உருவிய இலையாக இரண்டு மூன்று கைப்பிடி. அதைக் கடைந்து நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? அந்தக் கொஞ்சத்திலும் குடல் உள்ளே எடுத்துக்கொள்வது மிகச் சிறு பங்கு. கீரை, தானியம், பருப்பில் இருக்கும் இரும்பு நம் குடலுக்கு ஒட்டாத இரும்பு. கறியிலும் ஈரலிலும் இருப்பது அதைவிடப் பல மடங்கு சுலபமாக ஒட்டும்.

அந்த ஒட்டாத இரும்பை ஒட்ட வைக்கும் சாமர்த்தியம் சமையல்காரர் கையில் இருக்கிறது. கீரையைக் கடைந்து இறக்கியபின், சூடு சற்று ஆறியதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி போய்விடும். அல்லது கீரைச் சோற்றோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டைத் தொட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அரைக் கொய்யாப்பழம் போதும். இந்தப் புளிப்பு, கீரையின் இரும்பைக் குடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது.

எங்கள் மருத்துவத்தில் அயச்சம்பீரக் கற்பம் என்று ஒரு மருந்து உண்டு. அயம் என்றால் இரும்பு, சம்பீரம் என்றால் எலுமிச்சை. வெளுப்பு நோய்க்கு, அதாவது பாண்டுவுக்குக் கொடுப்பது. எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதைப் படித்தபோது, ஏன் எலுமிச்சை என்று எனக்குத் தோன்றவே இல்லை. முருகேச முதலியாரின் குணபாடத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கூட்டத்தில் நானும் ஒருவன்! பின்னால்தான் புரிந்தது.

ஒட்டுவதைத் தடுக்கும் எதிரி ஒருவரும் இருக்கிறார்... டீ. டீயில் இருக்கும் துவர்ப்பு, இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையில் கிடைக்கவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீண். நான் பார்த்த அந்தப் பெண் காலையில் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் ஒரு டீ, கம்பெனியில் பதினோரு மணிக்கு ஒரு டீ, மதியம் டிபன் பாக்ஸை மூடிய கையோடு ஒரு டீ, சாயங்காலம் பன்னோடு ஒரு டீ என்று நாலு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தாள். டீயை விடச் சொல்லவில்லை நான். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பிள்ளைக்கு அது ஒன்றுதான் ஆறுதல். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள் கண்ணு என்றேன்.

காட்டுக்கீரை பறிக்கப் போகிறவர்களுக்கு

மழை பெய்து பத்து நாளில் எங்கள் பக்கத்துச் சோளக்காட்டிலும் தென்னந்தோப்பிலும் கீரை விருந்து ஆரம்பித்துவிடும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை, வேலியில் கோவை, முசுமுசுக்கை, முடக்கத்தான், தூதுவளை. வாய்க்கால் ஓரம் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும். சுக்குட்டிக்கீரை என்று எங்கள் பக்கம் சொல்கிற மணத்தக்காளி, குருவி போடுகிற விதையிலேயே முளைத்துவிடும். நாலைந்து வகையைச் சேர்த்துப் பறித்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்து, களியோடு சாப்பிட்டுப் பாருங்கள். அந்த ருசிக்கு எந்த ஓட்டலும் ஈடாகாது.

ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன் பாட்டிமார் பறித்த காடு இன்று அதே காடாக இல்லை. களையெடுக்க ஆள் கிடைக்காததால் தோப்புக்காரர்கள் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடித்த இரண்டு மூன்று நாள்வரை செடி பச்சையாகவே நிற்கும், பார்த்தால் தெரியாது. ஆகவே தோட்டத்துக்காரரைக் கேட்காமல் ஒரு இலைகூடக் கிள்ளாதீர்கள். காய்கறி, பருத்தி வயல் ஓரத்திலும் இதே எச்சரிக்கைதான். பெரிய சாலை ஓரம், சாக்கடை ஓரம், ஒர்க் ஷாப் பின்புறம், குப்பை கொளுத்தும் இடம் ஆகியவற்றில் எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் வேண்டாம். கீரைகளுக்கு மண்ணில் இருக்கும் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத் தெரியாது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இலையில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்ளும்.

நம் மாவட்டத்துக்கு இது பட்டறிந்த பாடம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் ஓடி, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கே உதவாமல் போனதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. உடுமலை அமராவதிப் பக்கம் இருப்பதால் அந்தத் தண்ணீர் எங்களுக்கு வரவில்லை. அதற்காக மெத்தனமாக இருந்துவிட முடியாது.

பறிக்கும்போது நடுவில் பார்த்தீனியம் கலந்து வராமல் பாருங்கள். நன்றாகத் தெரிந்த செடியை மட்டுமே பறிக்க வேண்டும். போட்டோவைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்துச் சமைத்து, வாந்தியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மணத்தக்காளியின் பச்சைக் காயை அப்படியே பறித்துத் தின்னக் குழந்தைகளை விடாதீர்கள். பழுத்ததுதான் தின்ன ஏற்றது. சிறுநீரகத்தில் கல் இருப்பவர்கள் எந்தக் கீரை, எவ்வளவு என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பிக்கக் கூடாது. மருந்தின் அளவே மாறிப்போகும்.

"ராத்திரியில் கீரை கூடாதுன்னு சொல்றாங்களே?" என்று கேட்பீர்கள். ஜீரணம் மந்தமாக உள்ளவர்களுக்கு அது சரி. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பூச்சி தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மதியம் வீட்டில் இல்லாத பெண், இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் கீரை சாப்பிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

கோழியின் கணக்கு

பல்லடமும் உடுமலையும் கறிக்கோழிக்குப் பேர்போன ஊர்கள். எங்கள் ஊரைச் சுற்றித் தென்னைக்கு நடுவே நீள நீளமாகக் கோழிக் கொட்டகைகள். அதனால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடறாங்களாமே டாக்டர்?" ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு வளர்வது, பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த ரகத்தாலும் தீவனத்தாலும்தான். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி. கொலிஸ்டின் என்ற, மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டிய மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

நாட்டுக்கோழிக்கு வருவோம். கொங்குப் பக்கத்தில் சிறுவிடை, பெருவிடை என்பார்கள். சிறுவிடைதான் வீட்டுக்கு லாயக்கு. பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும், பிறகு அடை உட்கார்ந்துவிடும். 21 நாளில் குஞ்சு. குஞ்சுகளைக் கொஞ்ச நாள் கொடாப்பு போட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பருந்தும் கீரியும் பங்கு கேட்டுவரும். பண்ணைக் கோழி வருடத்துக்கு முந்நூறு முட்டை போடுகிறது என்றால், இது அதில் கால்வாசி போட்டாலே அதிகம். அதனால்தான் விலை.

அந்த விலைக்குத் தக்க சத்து உண்டா? புரதமும் இரும்பும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருப்பது, கோழி பச்சை இலை தின்றதற்கு அடையாளம், அவ்வளவே. ஓடு பழுப்பா வெள்ளையா என்பது கோழியின் சாதியைப் பொறுத்தது. அதை நம்பித்தான் சில புண்ணியவான்கள் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறார்கள். ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நிஜம். வெயிலில் மேயும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூடுதலாக இருக்கும். காலை இருட்டோடு வேன் ஏறி, டியூப் லைட் வெளிச்சத்திலேயே நாளைக் கழிக்கும் பெண்களுக்கு அது பெரிய விஷயம்.

முட்டையால் மட்டும் ரத்தசோகை தீரும் என்று நினைக்காதீர்கள். ஒரு முட்டையில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அதையும் மஞ்சள் கருவில் உள்ள ஒரு பொருள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ரத்தம் உண்டாக இரும்பு மட்டும் போதாது. நல்ல புரதம், போலிக் அமிலம், கீரையில் கிடைக்கவே கிடைக்காத பி12 எல்லாம் வேண்டும். அவை முட்டையில் இருக்கின்றன.

இரும்பு இருப்பது ஈரலில். நூறு கிராம் கோழி ஈரலில் சுமார் 9 மில்லிகிராம், அதுவும் எளிதில் ஒட்டும் இரும்பு. கறித்துண்டில் ஒரு மில்லிகிராம் தேறினால் அதிகம். தவிர, கீரையோடு ஒரு துண்டு ஈரல் சேர்ந்தால் கீரையின் இரும்பையும் அது கூட்டிக்கொண்டு போகும். மாதம் தவறாமல் ரத்தம் இழப்பவள் பெண். ஆணைவிட ஒன்றரை மடங்கு இரும்பு தேவைப்படுபவளும் அவள்தான். நாமோ ஈரலை எடுத்து மீசை முளைத்தவன் தட்டில் வைக்கிறோம்! சூடு என்று யார் சொன்னது? நாட்டுக்கோழி உஷ்ணம் என்று எங்கள் நூல்களும் சொல்கின்றன. மூலம், ரத்தப்போக்கு உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளட்டும். ஆணுக்கு ஆகும், பெண்ணுக்கு ஆகாது என்று நான் படித்த எந்த நூலும் சொல்லவில்லை.

ஒரு கோழியின் ஈரல் முப்பது கிராம்கூட வராதுதான். கறிக்கடையில் ஈரலை மட்டும் தனியாகக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். வாரம் ஒரு முறை, நன்றாக வெந்ததாக, மிளகு சீரகம் போட்டு வறுத்துக் கொடுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் முதல் மாதங்களில் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சைவ வீடுகளில் கம்பு, கொள்ளு, எள்ளு, பச்சைப்பயறு முளை, கூடவே எலுமிச்சை. கீரையை இரும்புச் சட்டியில் வதக்குங்கள், சட்டியே கொஞ்சம் இரும்பு கொடுக்கும்.

கோழி கொத்துவதைத்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள்

சிட்னி நகரத்தில் வீட்டுத் தோட்டக் கோழிகளின் முட்டைகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். கடை முட்டையில் இருப்பதைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம்! பழைய வீடுகளின் பெயின்ட் உதிர்ந்த மண்ணைக் கோழி கிளறித் தின்றதுதான் காரணம். இந்தோனேஷியாவில் கிழக்கு ஜாவாவின் ட்ரோபோடோ என்ற ஊரில், பிளாஸ்டிக் குப்பையை அடுப்பில் எரித்துச் சோயாக்கட்டி தயாரிக்கிறார்கள். 2019-இல் அங்கே மேயும் கோழிகளின் முட்டையில் டயாக்ஸின் என்ற கொடிய நஞ்சு மிக அதிகமாக இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? காலி மனையில் பனியன் வேஸ்ட், பிளாஸ்டிக் கோன், பாலித்தீன் கவர் எல்லாவற்றையும் குவித்துத் தீ வைக்கிறோம். மறுநாள் காலை சாம்பல் மேட்டைக் கிளறி முதலில் குளிப்பது யார்? நம் கோழிதான். வாசலில் மேய்ந்ததால் மட்டும் முட்டை சுத்தம் என்று ஆகிவிடாது. கோழி போகும் எல்லைக்குள் குப்பை எரிப்பதை நிறுத்துங்கள். பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, எலி மருந்து எதுவும் அந்த வட்டத்துக்குள் இருக்கக் கூடாது. கரையான் தின்னட்டும் என்று, பழைய பானையில் காய்ந்த சாணம், ஓலை, கந்தல் போட்டு நீர் தெளித்துக் கவிழ்த்து வைப்பார்கள் நம் பெரியவர்கள். மறுநாள் அதைத் தட்டினால் குஞ்சுகளுக்குப் பிரமாதமான தீனி. பூச்சி மருந்து ஊற்றிய இடத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். கீரைப் பாத்திக்கு வலை கட்டிவிடுங்கள். வெந்தயம் விதைத்த மறுநாளே என் வீட்டுக் கோழி மொத்தப் பாத்தியையும் உழுது வைத்த அனுபவம் எனக்கு உண்டு.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் மொத்தக் கோழியும் போய்விடும். மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். மூலிகை மேல் என்னைவிட நம்பிக்கை உள்ளவர்கள்! கழிச்சல் வருமுன் தடுப்பூசி போடுவதே வழி. பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகப் போடுகிறது.

பச்சை முட்டை வேண்டாம்

இதை எழுதினால் பாட்டிமார் என்னை அடிக்க வருவார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். உளுந்தங்களி கொடுங்கள், நல்லெண்ணெய் கொடுங்கள், எனக்குச் சம்மதம். முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை முட்டையின் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேர்கிறது. வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது. குப்பைமேட்டில் வைத்த முட்டையின் மேல் எச்சம் ஒட்டியிருக்கும். சால்மோனெல்லா என்ற கிருமி அதன் வழியே வந்தால் காய்ச்சலும் பேதியும் ஆளைச் சாய்த்துவிடும். ஏற்கெனவே வெளுத்துப்போன பிள்ளைக்கு அது தேவையா?

பறவைக் காய்ச்சல் காலத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2025 மார்ச்சில் ஆந்திராவில் பறவைக் காய்ச்சலுக்கு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பலியானது. சமைக்காத கோழிக்கறித் துண்டைத் தின்றிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. கோழிகள் கூட்டமாகச் செத்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். கூண்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமையலறைக்குள் போகாதீர்கள்.

நான் செய்த தப்பு

தொழில் ஆரம்பித்த புதிது. 1997 என்று ஞாபகம். முப்பது வயது விவசாயக் கூலிப் பெண் ஒருத்தி, இதேபோல் வெளுத்துப்போய் வந்தாள். கரிசலாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் முட்டையும் சாப்பிடு, மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டேன். காசில்லாதவளுக்குச் செலவில்லாத வைத்தியம் சொன்னதாக எனக்குள் ஒரு பெருமை வேறு. மூன்று மாதம் கழித்து வந்தபோது முகம் வீங்கி, நடக்கக்கூட முடியவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழு. ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

கொக்கிப்புழு கோழியிடமிருந்து வருவதில்லை. வெளிக்குப் போன மனிதரின் மலத்தில் இருந்து ஈர மண்ணுக்கு வந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், குடலில் தொங்கி ரத்தம் குடிக்கிறது. கீரை பறித்த அதே ஈரக்காட்டில்தான் அவள் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். எவ்வளவு கீரை தின்றாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகத்தான் போயிருக்கும். ஒரு மலப் பரிசோதனை எழுதிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வெளுத்த முகத்தோடு யார் வந்தாலும் ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, மாதவிலக்கில் எத்தனை நாள் போகிறது என்ற கேள்வி, இவை மூன்றும் இல்லாமல் கீரை என்ற சொல்லை நான் உச்சரிப்பதில்லை. காலில் செருப்பு இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போட வைக்காதீர்கள். ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் உணவு துணைதான், மருந்து கட்டாயம் வேண்டும். எங்கள் அன்னபேதிச் செந்தூரமோ, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்பு மாத்திரையோ, எதுவானாலும் வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன காலம்வரை. செந்தூரத்தை நாட்டு மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். முட்டை ஓட்டைச் சுட்டுப் பற்பம் செய்கிறேன் என்று அடுப்படியில் இறங்காதீர்கள்.

ஐப்பசியில் வந்த அந்தப் பெண்ணுக்குப் புழு இல்லை. மாதவிலக்கில் ஏழெட்டு நாள் போகிறது என்பதைத் தாயை வெளியே அனுப்பியபின்தான் சொன்னாள். அதற்குத் தனியாக மருந்து, வெளுப்புக்குச் செந்தூரம், அரசு மருத்துவமனையில் ஒரு ஸ்கேன். சாப்பாட்டில் நான் கேட்டுக்கொண்டது கொஞ்சம்தான். தினம் ஒரு முட்டையை விற்காமல் இவளுக்கு வேகவைத்துக் கொடுப்பது, கீரைக்கு எலுமிச்சை, டீயைத் தள்ளி வைப்பது, வாரம் ஒரு நாள் ஈரல்.

"தினம் ஒரு முட்டைன்னா மாசத்துக்கு முப்பது முட்டைங்களே..." என்று அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார். அவர் கணக்கில் தப்பில்லை. முட்டைக் காசில்தான் மளிகைக் கடன் அடைந்துகொண்டிருந்தது. நாட்டு முட்டையை விற்று அந்தக் காசில் கடை முட்டை இரண்டு வாங்கினாலும் எனக்குச் சம்மதம்தான், சத்தில் பெரிய மோசம் இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது.

தை மாதம் வந்தார்கள். ஹீமோகுளோபின் 11.2. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், மருந்தை நிறுத்தாதே என்றேன். பெண் சிரித்தாள், ஈறில் சிவப்பு தெரிந்தது. வேலைக்குத் திரும்பிப் போகிறாளாம்.

"ஈரல் குடுக்கறீங்களா அம்மணி?"

"குடுக்கறேனுங்க. மொதல்ல அவிய அப்பாதான் மொறைச்சாரு. இப்ப அவரே கடையில கேட்டு வாங்கியாந்து போடறாருங்க. தம்பிகாரன்தான் பாதிய எடுத்துக்கறான்."